குருளைக்குப் பல் முளைக்கும் பருவம்

பழந்தமிழர் விலங்குகளின் இளமையை அன்போடு உற்று நோக்கியவர்கள். அவர்கள் எல்லா உயிர்களின் இளமையையும் ஒரே சொல்லால் குறிக்கவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பது சொற்களை எடுத்துரைக்கின்றது. பறவையின் இளமை பார்ப்பு எனப்படும். ஆட்டின் இளமை மறி எனப்படும். யானையின் இளமை கன்று எனப்படும். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயர் உரியது.

புலிக்குருளை காட்டிலே வளர்கின்றது; நாய்க்குருளையோ மனிதனின் வீட்டிலே வளர்கின்றது. காட்டில் வளரும் குருளைக்குப் பல் முளைக்கும்போது கடித்துப் பார்க்கக் கொம்பும் வேரும் தாய் கொணர்ந்த இரையும் உண்டு. வீட்டில் வளரும் குருளைக்குச் செருப்பும் பாயும் பள்ளிப் பையுமே எதிர்ப்படுகின்றன. அதனால் வீட்டாருக்குத் தொல்லை விளைகின்றது. குருளைக்கு அடி விழுகின்றது. அத்தொல்லையின் காரணத்தை அறிந்தால் அதனைத் தீர்க்கும் வழி எளிதிற் புலனாகும்.

செங்கற்பட்டு மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் உட்பகுதி ஏரிநீர் பாயும் வயல்களை உடையது; கீழ்ப்பகுதி கடற்கரை. வயலோரத்து வீடுகளில் நாய் ஆட்டுப்பட்டியையும் நெற்களத்தையும் காக்கின்றது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில் அது கரையேற்றிய படகுகளின் நிழலிற் படுத்து வலைகளைக் காக்கின்றது. நகரங்களில் மாடிவீட்டு வாயிலில் கட்டுண்டு கிடக்கின்றது. இடம் வேறாயினும் குருளைப் பருவம் எல்லா நாய்க்கும் ஒன்றே. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் நாட்டு இனங்களுக்கும், கடல் கடந்து வந்த இனங்களுக்கும், தெருவில் பிறந்த பெயரற்ற நாய்க்கும் பல் முளைக்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

நாய்க்குட்டி பிறக்கும்போது அதற்குப் பல் இல்லை, கண் திறப்பதில்லை, காதும் கேட்பதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் ஈற்றைக் கிழித்துக்கொண்டு முதற்பற்கள் தோன்றும். இவை பாற்பற்கள் எனப்படும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் பாற்பற்கள் முழுவதும் முளைத்துவிடும். அவற்றின் தொகை 28. முன்னே உள்ள வெட்டுப்பற்கள் 12. கூரிய கோரைப்பற்கள் 4. அவற்றிற்குப் பின்னுள்ள முன்கடைவாய்ப்பற்கள் 12. பாற்பற்கள் சிறியன, ஆனால் ஊசிமுனை போன்று கூரியன. வளர்ந்த நாயின் பல் பதியாத இடத்திலும் குட்டியின் பல் தைத்துவிடும்.

இப்பற்கள் நெடுநாள் நிலைப்பதில்லை. குட்டிக்கு மூன்று மாதம் முடிந்து நான்காம் மாதம் தொடங்கும் காலத்தில் ஈற்றுக்குள்ளே நிலைப்பற்கள் மேலெழத் தொடங்குகின்றன. நிலைப்பல் வளர்ந்து நெருங்க நெருங்கப் பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைகின்றது. வேர் கரைந்த பல் ஆடுகின்றது. பின்னர்த் தானே விழுகின்றது. முதலில் வெட்டுப்பற்கள் மாறும். அடுத்துக் கோரைப்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் மாறும். இறுதியிற் பாற்பருவத்தில் இல்லாத பின்கடைவாய்ப்பற்கள் புதியனவாக முளைக்கும். ஆறு அல்லது ஏழு மாதம் நிறையும்போது 42 பற்கள் வரிசையாக அமைந்துவிடும். மேல் தாடையில் 20. கீழ்த் தாடையில் 22.

மனிதக் குழந்தையோடு இதனை ஒப்பிட்டு நோக்குவது நலம். குழந்தைக்குப் பாற்பற்கள் 20; வளர்ந்தவருக்கு நிலைப்பற்கள் 32. ஆறு வயதில் ஆடத் தொடங்கும் பாற்பற்கள் விழுந்து முடிவதற்குப் பன்னிரண்டு வயதாகின்றது. குழந்தை ஆறு ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கடக்கும் மாற்றத்தை நாய்க்குட்டி மூன்று நான்கு மாதங்களில் கடந்துவிடுகின்றது. ஒரே காலத்தில் பல பற்கள் ஆடவும், பல பற்கள் ஈற்றை முட்டவும் அதற்கு உண்டாகும் நோவும் தினவும் எத்தகையன என்பதை இதனால் ஒருவாறு உணரலாம். குழந்தையின் முதற்பல் விழுந்தால் பாட்டி அதனைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்கிறாள். வீடு முழுதும் அதனைக் கொண்டாடுகின்றது. நாய்க்குட்டியின் பல் விழுவதை ஒருவரும் காண்பதில்லை. பெரும்பாலும் அது உணவோடு சேர்த்து அப்பல்லை விழுங்கிவிடுகின்றது. அதனால் அதற்குத் தீங்கில்லை.

பல் மாறும் காலத்தைச் சில குறிகளால் அறியலாம். குட்டியின் வாயிலிருந்து வழக்கத்தைவிட மிகுதியாக எச்சில் ஒழுகும். ஈறு சிவந்து சற்றே வீங்கியிருக்கும். அது கடித்த துணியில் ஒன்றிரண்டு செந்துளிகள் காணப்படும். வாய் சற்று நாறும். வன்மையான உணவை அது முகர்ந்து பார்த்துவிட்டு விலகும். எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும். கடிக்குந்தோறும் ஈற்றில் அழுத்தம் ஏற்பட்டுத் தினவு தணிகின்றது. ஆகவே அது செருப்பைக் கடிப்பது செருப்பின்மேற் பகையால் அன்று. மேசைக்காலைக் கடிப்பது வீட்டாரைச் சினமூட்டுவதற்கும் அன்று. நோவு தணிய வேண்டும் என்பதொன்றே அதன் எண்ணம்.

கடிப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. குழந்தைக்குக் கை எவ்வாறோ அவ்வாறே குருளைக்கு வாய். ஒரு பொருள் மெத்தென்றதா, வன்மையானதா, உயிருள்ளதா, உயிரற்றதா என்பதை அது வாயால் தொட்டே அறிகின்றது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதும் அது கடிக்கின்றது. கடி மிகுந்தால் கடிபட்ட குட்டி வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் முலையைக் கடிக்கும் குட்டியை விட்டு எழுந்து போய்விடும். இவ்வளவு கடித்தால் விளையாட்டுண்டு, இதற்குமேற் கடித்தால் விளையாட்டில்லை என்னும் அளவை அது இவ்வாறு கற்றுக்கொள்கின்றது. தாயும் உடன்பிறப்புகளுமே குருளையின் முதற்பள்ளி. கண் திறந்த சில நாள்களிலேயே குட்டியைத் தாயினிடமிருந்து பிரித்து எடுத்துவரும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அவ்வாறு வந்த குட்டி அந்தப் பள்ளியிற் படிக்காத குட்டி. எட்டு வாரமேனும் தாயோடு இருந்த குட்டியையே வீட்டுக்குக் கொணர்தல் வேண்டும்.

இனி, பல் முளைக்கும் குருளைக்குச் செய்யத்தக்க உதவிகள் யாவை என்பதைக் காண்போம். முதலாவது, கடிப்பதற்குத் தக்க பொருளைக் கொடுத்தல். பழைய பருத்தித் துணியை நீரில் நனைத்து முறுக்கி முடிச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அதன் குளிர்ச்சி ஈற்றின் எரிச்சலைத் தணிக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் ஊறிய துணியும் பயன்படும். பெரிய கேரட்டை முழுதாகக் குளிர வைத்துக் கொடுக்கலாம். கோடையில் செங்கற்பட்டுச் சந்தையில் மலிந்து கிடக்கும் வெள்ளரிக்காயும் நல்லது. நாய்க்கென்று விற்கும் ரப்பர்ப் பொம்மையாயின் அது குட்டியின் வாய்க்குள் முழுதும் அடங்காத அளவு பெரியதாதல் வேண்டும். எதனைக் கொடுத்தாலும் அருகில் ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ளல் வேண்டும். துணி நூல் நூலாகப் பிரிந்தாலும், பொம்மை துண்டு துண்டாகப் பெயர்ந்தாலும் உடனே எடுத்துவிடுதல் வேண்டும். விழுங்கிய நூல் குடலிற் சிக்கினால் உயிர்க்கே இடராகும்.

கொடுக்கும் பொருள் மிகவும் வன்மையானதாக இருத்தலாகாது. இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டைவிரல் நகத்தால் அப்பொருளை அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் பதிந்தால் கொடுக்கலாம். பதியாவிட்டால் விலக்க வேண்டும். எலும்பு, கொம்பு, குளம்பு, கல் ஆகியன நகம் பதியாத பொருள்கள். இவற்றைக் கடித்தால் பல் உடையும். பாற்பல் உடைந்தால் அதன் வழியே கிருமி உட்புகுந்து, அதன்கீழ் வளரும் நிலைப்பல்லையும் கெடுத்துவிடக்கூடும். வெந்த எலும்பு இன்னும் கொடியது. அது கூர்ங்கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்க வல்லது.

இரண்டாவது உதவி உணவைப் பற்றியது. பல் மாறும் நாள்களில் சோற்றைக் குழைய வடித்து, அவித்த முட்டையையோ எலும்பு நீக்கிய இறைச்சியையோ பிசைந்து கொடுத்தல் நலம். கடையில் விற்கும் உலர்ந்த நாயுணவாயின் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். தூய குடிநீர் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும். ஓரிரு வேளை அது குறைவாக உண்டாலும் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு நாள் முழுவதும் உண்ணாது சோர்ந்து கிடந்தால் அது பல் நோவு என்று எண்ணி இருந்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது உதவி, கடிக்கத் தகாதவற்றை எட்டாத இடத்தில் வைத்தல். செருப்பை உயரத்தில் வைத்தால் செருப்பும் தப்பும், குட்டியும் அடியினின்று தப்பும். மின்வடங்களைக் குட்டியின் வாய்க்கு எட்டுமாறு தொங்க விடலாகாது. முற்றத்தில் அரளி இருந்தால் குட்டியை அப்பக்கம் விடலாகாது. அரளியின் இலையும் பட்டையும் பூவும் நஞ்சுடையன. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியன மனிதருக்கு உணவாயினும் நாய்க்கு நஞ்சாகும்.

மாமல்லபுரக் கடற்கரையில் குருளைக்கு வேறு சில இடர்களும் உண்டு. கரையில் கிடக்கும் நைலான் வலைத் துண்டு கடிப்பதற்கு இனிதாகத் தோன்றும். ஆனால் அது நாக்கைச் சுற்றி இறுக்கும், குடலிற் சென்று முறுக்கும். வலையோடு கிடக்கும் தூண்டில் முள் தாடையில் ஏறினால் மருத்துவரேயன்றிப் பிறர் அதனை எடுத்தல் அரிது. கரையில் எறியப்படும் பேத்தை மீன் கொடிய நஞ்சுடையது. கருவாட்டில் உப்பும் முள்ளும் மிகுதி. சிற்பிகள் வாழும் தெருக்களிலோ உளியால் தெறித்த கருங்கற் சில்லுகள் சிதறிக் கிடக்கும். ஈறு தினவெடுத்த குட்டி அச்சில்லுகளையும் வாயிலிட்டுக் கடிக்கும். கல்லுக்கு உருக்கொடுக்கும் ஊரில் கல்லாற் பல் உடையாமல் குட்டியைக் காப்பது வளர்ப்போரின் கடமை.

செய்யத்தக்கவற்றை அறிந்தது போலவே செய்யத்தகாதவற்றையும் அறிதல் வேண்டும். கடித்த குட்டியின் மூக்கில் அடிப்பது முதற்பிழை. நோவினால் கடிக்கும் குட்டியை மேலும் நோகச் செய்தால், மனிதனின் கை என்பது அடிக்கும் கருவி என்று அது கற்றுக்கொள்ளும். அவ்வாறு கற்ற நாய் பின்னாளில் கை நீளக் கண்டாலே கடிக்கும். கயிற்றால் அதன் வாயைக் கட்டுவது அதனினும் பெரிய பிழை. நாய்க்கு மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்தே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. சித்திரை வெயிலில் வாய் கட்டப்பட்ட குட்டி சூடு மிகுந்து உயிரிழக்கவும் கூடும். மேசைக்காலில் மிளகாய்ச் சாந்தைப் பூசி வைப்பாரும் உளர். புண்பட்ட ஈற்றில் மிளகாய் படுவது எத்தகைய வேதனை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆடும் பல்லை விரலாலோ நூலாலோ பிடுங்குவதும் தகாது. வேர் ஒடிந்து உள்ளே தங்கிவிடும். மனிதர் நோவுக்கு உண்ணும் மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பது மிகப் பெரிய தீங்கு. அவை அதன் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லன.

அடிக்காமல் எவ்வாறு திருத்துவது என்று சிலர் வினவலாம். தாயும் உடன்பிறப்புகளும் திருத்திய முறையே சிறந்த முறை. குட்டி கையைக் கடித்தால் கையை வெடுக்கென இழுத்தலாகாது. இழுத்தால் அது விளையாட்டென்று எண்ணித் துரத்தும். விளையாட்டை உடனே நிறுத்திக் கையை அசைக்காது வைத்தல் வேண்டும். அது வாயை எடுத்தவுடன் எழுந்து சிறிது நேரம் அதனைப் பாராது இருத்தல் வேண்டும். பின்னர் வந்து முறுக்கிய துணியைக் கொடுத்து, அதனைக் கடிக்கும்போது தடவிப் பாராட்டுதல் வேண்டும். கைக்குப் பல் பட்டால் விளையாட்டு நிற்கும்; துணிக்குப் பல் பட்டால் பாராட்டுக் கிடைக்கும். இவ்வுண்மையை எந்தக் குட்டியும் சில வாரங்களிற் கற்றுக்கொள்ளும்.

ஆனால் இம்முறை பயன்பட வேண்டுமானால் வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே வழியில் நடத்தல் வேண்டும். தந்தை கடிக்க விட்டுச் சிரித்து மகிழ, தாய் அதற்கே துடைப்பத்தை ஓங்கினால் குட்டி எதனைக் கற்கும்? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழியை நாம் பிள்ளைகளுக்குக் கூறுகிறோம். குருளைக்கு ஐந்து என்பது ஐந்தாம் மாதமே. அதனை வளைப்பது கோல் அன்று, பொறுமையே.

சில வேளைகளில் பல் மாற்றம் செவ்வனே நிகழ்வதில்லை. பாற்பல் விழுவதற்கு முன்பே அதன் பக்கத்தில் நிலைப்பல் எழுந்து நிற்பதுண்டு. கோரைப்பல்லில் இது மிகுதியாகக் காணப்படும். சிறிய உடலுடைய இனங்களில் இன்னும் மிகுதி. ஓரிடத்தில் இரு பற்கள் நின்றால் நிலைப்பல் கோணி வளரும். இடுக்கில் உணவு தங்கி ஈறு புண்ணாகும். ஆகவே வாரம் ஒருமுறை குட்டியின் உதட்டை மெல்ல உயர்த்திப் பார்த்தல் நலம். இரு பற்கள் ஒருங்கே நிற்கக் கண்டால் அரசு கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். குட்டிப் பருவத்தில் டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோய் கண்டு பிழைத்த நாயின் நிலைப்பற்கள் மேற்பூச்சின்றிக் குழிவிழுந்து முளைப்பதும் உண்டு. அந்நோய்க்குரிய தடுப்பூசி ஆறு அல்லது எட்டு வாரத்திலேயே தொடங்கப்படுகின்றது. பல்லின் நலமும் உடலின் நலமும் வேறல்ல என்பதற்கு இஃது ஒரு சான்று.

இதுகாறும் குருளையின் நோவைப் பற்றி அறிந்தோம். இனி, குருளையைத் தூக்கி விளையாடும் சிறுவரின் உயிரைப் பற்றி அறிதல் வேண்டும். ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயின் நச்சுயிரி நோயுற்ற விலங்கின் எச்சிலில் உள்ளது. கடியின் வழியே அது மனிதனின் நரம்பில் ஏறி மூளையை அடைகின்றது. நோயின் குறிகள் தோன்றிய பின்னர்ப் பிழைத்தவர் மிக மிக அரியர். ஆனால் குறிகள் தோன்றுவதற்கு முன்பே தடுப்பூசி இட்டுக்கொண்டால் நோயைத் தடுத்துவிடலாம். 1885ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாசுடர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அத்தடுப்பூசியை இட்டு அவனைக் காத்தார். அவர் பெயரால் 1907ஆம் ஆண்டு நம் நீலகிரி மலையில் குன்னூரில் ஒரு நிலையம் தோன்றிற்று.

குட்டிதானே, அதற்கு வெறி ஏது என்று எண்ணுவது பெரும்பிழை. வெறிநாய் கடித்த குட்டிக்கும் அந்நோய் வரும். நாய்க்குரிய வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் இடப்படுகின்றது. பல் மாறத் தொடங்கும் காலமும் அதுவே. அதாவது, குட்டி மிகுதியாகக் கடிக்கும் பருவமும், அதற்குத் தடுப்பூசியின் காப்பு இன்னும் நன்கு அமையாத பருவமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஊசி போன்ற பாற்பல் தோலைக் கிழித்தால் காயம் சிறிதாகத் தோன்றும். சிறுவன் அதனைப் பெரிதாக எண்ணமாட்டான். வீட்டில் கூறினால் தனக்கும் அடி விழும், குட்டியையும் வெளியே விட்டுவிடுவர் என்று அஞ்சி மறைத்துவிடுவான். அவ்வாறு மறைக்கும் அச்சம், நோயைக் காட்டிலும் கொடியது.

ஆகவே ஒவ்வொரு மாணவரும் இதனை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். குட்டியாயினும் வளர்ந்த நாயாயினும், தெருநாயாயினும் வீட்டு நாயாயினும், பல் பட்டுத் தோல் கீறினால் உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். காயத்தின்மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் அப்புதல் ஆகாது; கட்டுக் கட்டுதலும் ஆகாது. உடனே பெற்றோரிடம் கூறி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்லுதல் வேண்டும். அங்கே தடுப்பூசி விலையின்றி இடப்படுகின்றது. மருத்துவர் குறித்த எல்லா நாள்களிலும் தவறாது சென்று ஊசியை முழுமையாக இட்டுக்கொள்ளுதல் வேண்டும். பெற்றோரும், உண்மை கூறிய பிள்ளையை அடித்தலாகாது. குட்டியைத் துரத்தலும் ஆகாது. உண்மை கூறியதற்குத் தண்டனை கிடைக்கும் வீட்டில் அடுத்த கடி மறைக்கப்படும்.

குட்டியைத் துரத்துவது என்பது இப்பருவத்தில் நிகழும் மற்றொரு கொடுமை. இரண்டாம் மாதத்தில் அழகுக்காக எடுத்துவந்த குட்டி நான்காம் மாதத்தில் செருப்பைக் கடிக்கின்றது. ஐந்தாம் மாதத்தில் ஒரு சாக்கில் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலோ கடற்கரையிலோ விடப்படுகின்றது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் தானே அடங்கிவிடும் குறைக்காக அது தன் வாழ்நாள் முழுவதும் வீடிழக்கின்றது. அவ்வாறு விடப்பட்ட குட்டி விரைவுந்துகளின் கீழ் அகப்படுகின்றது. பிழைத்தாலோ பசியால் கூட்டஞ்சேர்ந்து திரிகின்றது. தை முதல் பங்குனி வரை இக்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் குழிகளைத் தோண்டி முட்டைகளைத் தின்கின்றது. வழிப்போக்கரையும் கடிக்கின்றது. ஒரு வீட்டின் பொறுமையின்மை ஊருக்கும் கடலுக்கும் தீங்காக முடிகின்றது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் பல்லவர் காலத்துச் சிற்பி பெரிய யானையைச் செதுக்கியபோது, அதன் காலடியில் கன்றுகளையும் செதுக்க மறக்கவில்லை. அருகிலுள்ள கிருட்டிண மண்டபத்தில், பால் கறக்கப்படும் பசு தன் கன்றை நாவால் நக்கிக்கொண்டிருக்கின்றது. வலிய உயிர் தன் காலடியிலுள்ள மெலிய உயிரைக் காக்கும் காட்சியை அச்சிற்பிகள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் நிறுத்திவைத்தனர். யுனெஸ்கோ நிறுவனம் 1984ஆம் ஆண்டு அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. கல்லில் உள்ள கன்றைக் காணக் கூட்டம் கூடுகின்றது. அக்கல்லின் நிழலில் நடுங்கும் உயிருள்ள குருளையைக் காண்பாரோ சிலரே.

அதே பல்லவர் காலத்தில் நாய்க்கும் கல் நாட்டிய செய்தி ஒன்று உண்டு. மாமல்லன் எனப்பட்ட நரசிம்மவர்மனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன். அவனுடைய முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ளது. தொறுப் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கோவிவன் என்னும் அவனுடைய நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்னும் செய்தி கல்வெட்டாகவும் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயரும் அதன் செயலும் கல்லில் ஏறிய அருமையான நிகழ்ச்சி இது.

கோவிவனும் ஒரு காலத்தில் குருளையாக இருந்ததுதான். அதற்கும் நான்காம் மாதத்தில் பல் ஆடியிருக்கும், ஈறு தினவெடுத்திருக்கும். அதனை வளர்த்தோர் அன்று அதனைத் துரத்தியிருந்தால், பின்னர் ஆநிரையைக் காத்து நிற்கக் கோவிவன் இருந்திருக்காது. எப்போது கடிக்க வேண்டும், எப்போது கடிக்கலாகாது என்னும் அறிவே நாயின் சிறப்பு. அவ்வறிவு பல்லோடு முளைப்பதன்று; பல் முளைக்கும் காலத்தில் மனிதன் ஊட்டுவது.

குருளை வளர்க்கும் மாணவர் செய்ய வேண்டியவை சில. கடிக்க நனைந்த துணி கொடுத்தல். குழைந்த உணவு கொடுத்தல். கல்லையும் எலும்பையும் விலக்குதல். கை ஓங்காது திருத்துதல். மூன்றாம் மாதத்தில் தடுப்பூசி இடுவித்தல். கீறல் பட்டால் கழுவி, மறைக்காது கூறுதல். இவற்றுள் ஒன்றும் அரியதன்று; பொருட்செலவும் பெரிதன்று. மூன்று மாதப் பொறுமையைக் கொடுப்பவருக்குக் குருளை பத்துப் பன்னிரண்டு ஆண்டுத் தோழமையைத் திருப்பிக் கொடுக்கும். பேசத் தெரியாத உயிரின் நோவை அதன் செயலைக் கண்டே உணர்ந்து உதவுவதுதான் கல்வியின் பயன்.